ஐங்கதிர்ப் படையில் ஆறாவது ஆள்

“பொம்பளையா நடிச்சதுல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?”

கேட்டவர் குசுமோதோ, ஐங்கதிர்ப் படை என்ற டிவித் தொடரின் தயாரிப்புக் குழுத் தலைவர். கேட்கும்போது அவர் சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற ஆறு பேரும் சிரிக்கவில்லை. ஏழு பேர் முன்னாலும் ஏழு படிவங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

இனுகாய் மிசாவோ யோசித்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதிகம் பேசிப் பழக்கம் இல்லாதவள்.

“நடிச்சதில்ல” என்றாள்.

ஏழு பேனாக்களும் ஒரே நேரத்தில் பூஜ்ஜியம் போட்டன.

அவள் சொன்னது உண்மைதான். ஒன்பது வருடங்களாக அவள் ஐங்கதிர்ப் படையின் எதிரிகளில் ஒருத்தியாக இருந்தாள். எதிரி என்றால் பெரிய எதிரி இல்லை. பெரிய எதிரிக்கு முன்னால் இருபது பேராகக் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வருவார்களே, சாம்பல் நிற உடுப்பில், முகமே இல்லாமல், அவர்களில் ஒருத்தி. புழுதிப் பட்டாளம் என்று பெயர். வாரம் ஒரு முறை ஓடி வருவார்கள், உதை வாங்குவார்கள், பின்னால் வெடி வெடிக்கும், விழுந்து சாவார்கள். மிசாவோ ஒரே அத்தியாயத்தில் மூன்று தடவைகூடச் செத்திருக்கிறாள். ஆள் பற்றாக்குறை என்றால் செத்தவர்கள் எழுந்து கேமராவுக்குப் பின்னால் சுற்றி ஓடி வந்து மறுபடியும் சாவது வழக்கம். அவளுடைய இடது முழங்கால் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் ஒரே ஒரு தடவை, வெடி வெடித்த பிறகும் விழாமல் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆசைக்குத் திடீரென்று ஒரு வழி திறந்திருந்தது.

ஐங்கதிர்ப் படை முப்பத்தெட்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டோக்கியோவைக் காப்பாற்றி வருகிறது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, கறுப்பு. ஐந்தும் ஆண்கள். ஹெல்மெட் போடாதபோது இருபது வயது அழகன்கள் வந்து வசனம் பேசுவார்கள். ஹெல்மெட் போட்டதும் உள்ளே ஸ்டண்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள். குரலைப் பிறகு அழகன்கள் வந்து சேர்த்துக்கொள்வார்கள். உடுப்புக்குள் இருப்பவர் வெளியாட்கள் முன்னால் பேசவும் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றவும் கூடாது. குழந்தைகளின் மனம் உடைந்துவிடும் என்று விதியில் எழுதியிருந்தது.

போன வருடம், படையின் பொம்மைகளை விற்கும் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று வருடம் ஆராய்ந்து, குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண் குழந்தைகள் என்று கண்டுபிடித்தது. அறிக்கை நூற்று எண்பது பக்கம். அதைப் படித்துவிட்டுத் தயாரிப்புக் குழு மூன்று நாள் அமைதியாக இருந்தது. நான்காவது நாள், படையில் ஆறாவதாக ஒரு பெண் சேர்க்கப்படுவார் என்று அறிவித்தது.

ஐந்தாவது நாள் ஐங்கதிர்ப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது. தலைவர் தொகிதோ, ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி, வயது அறுபத்து நான்கு. தன் குழந்தைப் பருவம் அழிக்கப்படுவதாக அவர் எழுதினார். நிகழ்ச்சி ஆரம்பித்தபோது அவருக்கு இருபத்தாறு வயது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறாவது நாள் குசுமோதோ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தார். அவரோடு ஆறு பேரும் குனிந்தார்கள். எட்டு வினாடி.

ஏழாவது நாள் பெண் பார்வையாளர் மன்றத்தின் செயலாளர் அயுசாவா அம்மையார், ஒரு பெண் வருவதற்காக மன்னிப்புக் கேட்டது பெண்களை அவமதிப்பதாகும் என்று அறிக்கை விட்டார். குசுமோதோ மறுபடியும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முதல் மன்னிப்புக்காக மன்னிப்புக் கேட்டார். அதே ஏழு பேர், அதே எட்டு வினாடி. பாரபட்சம் இருக்கக் கூடாது என்று பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நின்றார். ஆனால் தொகிதோவும் வீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குனிதல் எட்டு வினாடியும் இன்னொரு அரை வினாடியும் நீடித்தது என்று படம் போட்டு நிரூபித்தார். ஆகவே மூன்றாவது தடவையாகக் கூட்டம் கூட்டப்பட்டது. எல்லோரும் எழுந்தார்கள், அரை வினாடி குனிந்தார்கள், உட்கார்ந்தார்கள். டிவியில் பார்த்தவர்கள் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

உடுப்புக்குள் யார் என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வந்தது.

அதில் குழுவுக்கு முதலில் சந்தேகமே இருக்கவில்லை. ஓர் ஆண்தான். இந்தத் தொழிலில் ஆரம்பத்தில் ஸ்டண்ட் பெண்கள் கிடையாது. ராணியோ, சூனியக்காரியோ, உடுப்புக்குள் ஓர் ஆண் இடுப்பில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினார். பிறகு பெண்கள் வந்தார்கள். ஆனால் அதற்குள் பஞ்சு மரபாகிவிட்டது. வந்த பெண்களுக்குச் சாம்பல் உடுப்பைக் கொடுத்தார்கள். எடை குறைவு, உதைத்தால் ஆண்களைவிட ஒரு மீட்டர் அதிகம் பறக்கிறார்கள் என்பது காரணம்.

அயுசாவா அம்மையாருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. உடுப்புக்குள்ளும் ஒரு பெண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிவி நிலைய வாசலில் உட்காருவோம் என்றார். அப்படித்தான் மிசாவோவைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

“பூஜ்ஜியம்” என்று குசுமோதோ படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க இனுகாய்-சான். உங்களுக்குத் திறமை இருக்கு. ஆனா பாருங்க, ஒரு பொம்பளை பொம்பளையா இருக்கறது தானா நடக்கறது. அதுல முயற்சியே இல்ல. ஒரு ஆம்பளை பொம்பளையா நிக்கறான்னா, அதுக்குப் பின்னால எவ்வளவு உழைப்பு. நாங்க உழைப்ப மதிக்கிறவங்க.”

“ஆமா” என்றாள் மிசாவோ.

“அதனால உங்களுக்கு ஆறு வாரம் பயிற்சி. நம்ம தெப்பெய்-சான் சொல்லிக்குடுப்பார்.”

ஹிராட்சுகா தெப்பெய்க்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்து நாலு வருடமாகச் சிவப்புக்குள் இருப்பவர். அதற்கு முன் பதினோரு வருடம் எதிரி நாட்டு ராணிகளாக இருந்தார். அவருடைய கட்டத்தில் பதினொன்று என்று இருந்தது.

ஆனால் மிசாவோ நியமிக்கப்படுவதற்கு முன்னால் ஒரு காகிதம் சுற்றி வர வேண்டியிருந்தது. அதில் பதினான்கு முத்திரைக் கட்டங்கள். கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலே இருப்பவரின் முத்திரையை நோக்கிச் சற்றே சாய்த்துக் குத்துவார். முத்திரையும் வணங்குகிறது என்று பொருள். பதினான்கு பேரும் படிப்படியாகச் சாய்ந்ததில் காகிதமே காற்றில் அடிபட்ட நெல்வயல் மாதிரி இருந்தது. கடைசிக் கட்டத்தில் மிசாவோ தன் முத்திரையை நேராகக் குத்திவிட்டாள். அடுத்த நாள் காகிதம் திரும்பி வந்தது. புதிய காகிதம் அடித்து, பதினான்கு பேரும் மறுபடியும் சாய்ந்தார்கள். அதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மிசாவோ சாம்பல் உடுப்பில் செத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் நிறம் முடிவு செய்யப்பட்டது. இளஞ்சிவப்பு என்றால் அயுசாவா அம்மையார் வாசலில் உட்காருவார். ஐந்து நிறங்களில் எதைத் தொட்டாலும் தொகிதோ உட்காருவார். வெள்ளை மணப்பெண் மாதிரி, ஊதா ராத்திரித் தொழில் மாதிரி, தங்கம் திமிர் மாதிரி என்று குழு ஒவ்வொன்றாகக் கழித்தது. யார் மனமும் புண்படாத நிறம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நெடுநேரம் வேகவைத்த முள்ளங்கியின் நிறம். குழு அதற்கு “நம்பிக்கை நிறம்” என்று பெயர் வைத்தது. ஸ்டூடியோவில் எல்லோரும் முள்ளங்கி என்றார்கள்.

பொம்மை நிறுவனத்தின் பிரதிநிதி ஓஷிகிரி மட்டும் கவலைப்பட்டார். “முள்ளங்கி பொம்மைய பொண்ணுங்க வாங்கணும். ஆனா பசங்க கண்ணுல அது படக் கூடாது. பட்டா சிவப்பு விக்காது. அதனால கடையில அத அலமாரிக்குப் பின்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கோம்.”

“பின்னாடி இருந்தா பொண்ணுங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“உண்மையான ஆர்வம் இருந்தா தேடி எடுப்பாங்க” என்றார் ஓஷிகிரி.

அடுத்தது நிற்கும் இடம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஐவரும் ஒரு மேட்டில் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கை கால்களை வீசித் தங்கள் பெயரைச் சொல்வார்கள். எதிரி அதுவரை மரியாதையாகக் காத்திருப்பான். கடைசியில் “ஐங்கதிர்ப் படை” என்று சேர்ந்து முழங்கியதும் பின்னால் வெடி வெடிக்கும். நாற்பத்தோரு வினாடி. இதில் ஆறாவது ஆள் எங்கே நிற்பது? பின்னால் நிறுத்தலாம் என்றால் ஒரு கடிதம் வந்தது, முன்னால் நிறுத்தலாம் என்றால் இரண்டு கடிதம் வந்தது. குழு நான்கு முறை கூடி, பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில், பதினெட்டு சென்டிமீட்டர் பின்னால் என்று முடிவு செய்தது. படையின் பெயரிலேயே ஐந்து இருப்பதால் அவள் எண்ணிக்கையில் வர மாட்டாள். ஆனால் அவளும் பெயர் சொல்லலாம், வெடி வெடிக்கும்போது.

“வெடிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதே” என்றாள் மிசாவோ.

“அதனாலதான் நீங்க என்ன வேணா சொல்லலாம்” என்றார் குசுமோதோ. “மத்த அஞ்சு பேருக்கும் எழுதிக் குடுத்த வசனம். உங்களுக்கு மட்டும் முழுச் சுதந்திரம். இத யாரும் பாராட்ட மாட்டேங்கறாங்க.”

மிசாவோவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பதினெட்டு சென்டிமீட்டர் பின்னாலோ எண்பது சென்டிமீட்டர் பின்னாலோ, வெடி வெடித்த பிறகு நிற்கப் போகிறாள். அது போதும்.

பயிற்சி ஸ்டூடியோவின் மூன்றாம் கூடத்தில் நடந்தது. தெப்பெய் முதல் நாளே கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

“எனக்கே வெக்கமா இருக்கு மிசா. நடந்து காட்டறேன், சிரிக்காத.”

அவர் நடந்தார். முழங்கைகள் உள்ளே, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றொரு பாதம், திரும்பும்போது முதலில் கழுத்து, அப்புறம் தோள். ஐம்பத்து மூன்று வயது உடம்பு மூங்கில் மாதிரி வளைந்தது.

“இத எங்க கத்துக்கிட்டீங்க?”

“பொண்டாட்டியப் பார்த்துத்தான். அவ சமையல்கட்டுல இப்படித்தான் திரும்புவா.” கொஞ்சம் யோசித்தார். “அவ போயி பதினாறு வருஷமாச்சு. இப்பவும் என் இடுப்புல அவதான் இருக்கா. போகும்போது இத மட்டும் எடுத்துட்டுப் போக மறந்துட்டா.”

மிசாவோ சிரித்தாள். பிறகு அவளும் நடந்தாள். தெப்பெய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“என்னடி, லாரியிலேந்து சரக்கு இறக்கப் போற மாதிரி நடக்கற.”

“நான் இப்படித்தான் நடப்பேன். கடைக்குப் போகும்போதும் இப்படித்தான்.”

“அது நிஜம். நிஜத்த யாரு கேட்டா?”

ஆறு வாரம் கழித்து குழு மதிப்பிட வந்தது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று இருவருக்கும் முள்ளங்கி உடுப்பைப் போட்டு, யார் எவர் என்று தெரியாமல் ஒருவர் பின் ஒருவராக நடக்கவிட்டார்கள். ஏழு பேரும் மதிப்பெண் போட்டார்கள். “இயல்பான பெண்மை” என்ற தலைப்பில் தெப்பெய்க்குத் தொண்ணூற்று மூன்று. மிசாவோவுக்கு நாற்பத்தொன்று. குறிப்புகளும் இருந்தன. “இரண்டாமவர் பெண்களைக் கவனித்ததே இல்லை போலிருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். “மனைவியிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்” என்று இன்னொருவர்.

குசுமோதோ மிசாவோவைத் தனியாகக் கூப்பிட்டார். பார்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் பார்லித் தண்ணீர் கொடுத்தால் ஏதோ போகப் போகிறது என்று ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும்.

“எண்கள் பேசுது இனுகாய்-சான். நான் பேசல. முள்ளங்கி தெப்பெய்-சானுக்கு.”

மிசாவோ தலையை ஆட்டினாள்.

“ஆனா ஒரு சிக்கல். உடுப்புக்குள்ள ஒரு பெண் இருக்காங்கன்னு அயுசாவா அம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டோம். நாங்க பொய் சொல்றவங்க இல்ல. அதனால நீங்க ஏதாவது ஒரு உடுப்புக்குள்ள இருந்தே ஆகணும்.” அவர் கடிதத்தின் நகலைத் திருப்பிக் காட்டினார். “எந்த உடுப்புன்னு இதுல இல்ல. கவனமாத்தான் எழுதினோம்.”

“எந்த உடுப்பு?”

“சிவப்பு காலியாயிடுச்சில்ல. உங்க உயரமும் தெப்பெய்-சான் உயரமும் ஒண்ணுதான். புது உடுப்பு தைக்கணும்னா மறுபடியும் காகிதம் சுத்தணும். காகிதத்துல சிவப்பு தெப்பெய்-சான் பேருலயே இருக்கட்டும். நீங்க உள்ள மட்டும் இருங்க.”

மிசாவோ பார்லித் தண்ணீரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறாவது இடத்தில், பதினெட்டு சென்டிமீட்டர் பின்னால் நிற்கும் தகுதி இல்லாததால் அவளை நட்டநடுவில் முதல் ஆளாக நிறுத்துகிறார்கள். இதில் எங்கேயோ தவறு இருக்கிறது என்று தோன்றியது. அதைச் சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள் என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதம், தோச்சிகி மாகாணத்து மலையில் ஒரு பழைய கல்குவாரி. முதல் அணிவகுப்புக் காட்சி. இரு தரப்பையும் அழைத்துக் காட்டிவிட்டால் சண்டை தீரும் என்று குழு நினைத்தது. ஒரு பந்தலின் கீழ் வலது பக்கம் தொகிதோவும் சங்கத்து ஆட்கள் முப்பது பேரும், இடது பக்கம் அயுசாவா அம்மையாரும் மன்றத்துப் பெண்கள் முப்பது பேரும். சாப்பாட்டுப் பெட்டியில் இறால் வறுவல் ஒரு பக்கத்துக்குப் பெரிதாக இருந்துவிடக் கூடாது என்று ஓர் ஆள் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தார்.

குசுமோதோ ஒலிபெருக்கியில் பேசினார். “இன்னிக்கு நாம ஒரு புது யுகத்துக்குள்ள நுழையறோம். எதுவும் மாறாதுன்னு உறுதி குடுக்கறேன்.”

இரு பக்கமும் கை தட்டினார்கள்.

மேட்டின் மேல் பாறை விளிம்பில் மிசாவோ நின்றாள். ஹெல்மெட்டின் கண் துவாரம் இரண்டு விரல் அகலம். உள்ளே அவள் மூச்சே அவளுக்குத் திரும்பி வந்தது. உடுப்பில் இருபத்து நாலு வருடத்து தெப்பெய் வாடை. பக்கத்தில் நீலம், மஞ்சள், பச்சை, கறுப்பு. கொஞ்சம் பின்னால், ஒரு காலை நேர்த்தியாக மடித்து, தெப்பெய்.

“மிசா” என்று முள்ளங்கிக்குள்ளிருந்து கிசுகிசுப்பு வந்தது. “வெடிச்சதும் விழுந்துடாத.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியும். உன் முழங்காலுக்குத் தெரியுமா?”

இயக்குநர் கையை இறக்கினார். மிசாவோ பாறையிலிருந்து குதித்தாள். நாலு மீட்டர். தரையைத் தொட்டு, உருண்டு, எழுந்தாள். எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சிவப்புக்குப் பயிற்சி தேவை என்று எந்தப் படிவத்திலும் இல்லை. ஆகவே அவள் எப்போதும் நிற்பது மாதிரியே நின்றாள், லாரியிலிருந்து சரக்கு இறக்க வந்தவள் மாதிரி. கையை வீசினாள். காலை ஊன்றினாள். பின்னால் வெடி வெடித்தது.

முதுகில் சூடு மோதியது. முழங்கால் மடங்கப் பார்த்தது. ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு அது ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறது. மிசாவோ பல்லைக் கடித்தாள். காலுக்குள் ஏதோ நடுங்கி, நடுங்கி, நின்றது. புகை அவளைத் தாண்டி முன்னால் போயிற்று. கல்துகள்கள் ஹெல்மெட்டின் மேல் மழை மாதிரி விழுந்தன. முன்னால் தரையில் புழுதிப் பட்டாளம் செத்துக் கிடந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

“கட்” என்றார் இயக்குநர்.

பந்தலில் தொகிதோ எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பத்தெட்டு வருஷமாப் பாக்கறேன்” என்றார். “சிவப்பு இவ்வளவு ஆம்பளையா நின்னு நான் பார்த்ததே இல்ல. அந்தக் கால் ஊனறதப் பார்த்தீங்களா? இத எந்தப் பொம்பளைக்கும் சொல்லிக்குடுக்க முடியாதுங்க. ரத்தத்துல இருக்கணும்.” கையை நீட்டி முள்ளங்கியைக் காட்டினார். “அதப் பாருங்க, பின்னாடி நெளிஞ்சுக்கிட்டு நிக்குது. பொம்பளைங்களுக்கு இது ஒத்து வராதுன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“நெளிவா அது?” என்றார் அயுசாவா அம்மையார். “முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா ஒரு உண்மையான பொண்ணோட உடம்ப திரையில பாக்கறோம். உங்களுக்குப் பழக்கமில்ல, அதான் கண்ணு கூசுது. அந்தக் கழுத்து திரும்பினத ஒரு ஆம்பளையால செய்ய முடியுமா?”

“முடியாது” என்று தொகிதோ ஒப்புக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

குழு உடனே சாப்பாட்டு வேனுக்குப் பின்னால் கூடியது. பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. மிசாவோவை அங்கே கூப்பிட்டார்கள். வேனின் மறைவுக்குப் போனதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். குசுமோதோ கையில் பார்லித் தண்ணீர் இருந்தது.

“மகத்தான வெற்றி இனுகாய்-சான். சங்கத்துக்காரங்க சிவப்பக் கும்பிடறாங்க. இப்படி ஒரு சிவப்பு இருக்கும்போது அத விட்டு வைக்கக் கூடாது. அதனால தெப்பெய்-சான மறுபடி சிவப்புக்கே கொண்டு வர்றோம்.”

“அது நான்” என்றாள் மிசாவோ. “குதிச்சது நான்தான்.”

“உண்மை. நாங்க எல்லாரும் பார்த்தோம்” என்றார் குசுமோதோ பரிவாக. “ஆனா காகிதத்துல அது தெப்பெய்-சான். இன்னிக்குக் கிடைச்ச பேர் எல்லாம் அவருக்குத்தான் வரும். அப்ப அவரே உள்ள இருக்கறதுதானே நியாயம். இன்னொருத்தர் பேருல நீங்க புகழ் வாங்கினா உங்க மனசாட்சியே உங்கள விடாது.”

“முள்ளங்கி?”

“அடுத்த மாசம் வீர மரணம்” என்றார் ஓஷிகிரி. “சங்கத்துக்குச் சாவு, மன்றத்துக்கு வீரம். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும். பொம்மை எப்படியும் அலமாரிக்குப் பின்னாடிதான் இருக்கு.”

“உடுப்புக்குள்ள ஒரு பொம்பளை இருக்கணும்னு எழுதிக் குடுத்தீங்களே.”

“இருப்பீங்களே” என்றார் குசுமோதோ. “புழுதிப் பட்டாளத்து உடுப்பும் உடுப்புதான். ரெண்டு மணிக்கு அடுத்த சாவு. இருபது பேர் வேணும், பத்தொம்போதுதான் இருக்காங்க. சீக்கிரம் மாத்திக்கிட்டு வாங்க. வேன்ல உங்களுக்கு ஒரு சோத்து உருண்டை எடுத்து வச்சிருக்கு.”

சாம்பல் உடுப்பு மடித்து ஒரு நாற்காலியின் மேல் இருந்தது. மிசாவோ அதைப் பார்த்தாள். பிறகு சிவப்பு ஹெல்மெட்டை மறுபடியும் தலையில் மாட்டி, கழுத்துப் பூட்டைப் போட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

சிவப்பு வருவதைக் கண்டதும் பந்தலில் இருந்த அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். தொகிதோ இடுப்புவரை குனிந்தார். அவள் நிற்காமல் அவர்களைக் கடந்து, கேட்டுக்குப் போகும் சாலையில் இறங்கினாள்.

குசுமோதோ பின்னால் ஓடி வந்தார். “இனு...” என்று ஆரம்பித்து, பந்தலைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார்.

“கூப்பிடுங்க சார்” என்று ஓஷிகிரி மூச்சு வாங்கினார். “அந்த உடுப்பு ஒண்ணுதான் இருக்கு.”

“என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?”

“காகிதத்துல இருக்கற பேர்தான்.”

குசுமோதோ தொண்டையைச் செருமிக்கொண்டார். “தெப்பெய்-சான்” என்று கத்தினார்.

சிவப்பு திரும்பவில்லை. மேட்டின் மேல் தனியாக நின்றிருந்த முள்ளங்கி சட்டென்று திரும்பியது. முதலில் கழுத்து, அப்புறம் தோள். கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, என்ன என்பது போலப் பார்த்தது.

அயுசாவா அம்மையார் புருவத்தை உயர்த்தினார். “அந்தப் பொண்ணு பேரு தெப்பெய்யா?”

“அது... செல்லமா கூப்பிடறது” என்றார் குசுமோதோ. அதற்குமேல் அவர் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

தரையில் செத்துக் கிடந்த பத்தொன்பது பேரும் அடுத்த காட்சிக்காக அப்படியே படுத்திருந்தார்கள். அவள் வந்த வழியில் கிடந்தவர்கள் கண்ணைத் திறக்காமல் உருண்டு வழி விட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த நடை தெரியும்.

கேட்டில் காவலாளி பதிவேட்டை விரித்தார். வெளியே போகிறவர் பெயர், நேரம், காரணம், திரும்பும் நேரம். நான்கு கட்டம். பேனாவை நீட்டப் போனவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். பெயர்க் கட்டத்தில் அவரே “சிவப்பு” என்று எழுதினார். ஒன்று நாற்பது என்று நேரம் எழுதினார். காரணம் என்ன என்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அவரைக் கடந்து, வெயில் கொதிக்கும் தார்ச்சாலையில், ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.